பிள்ளையின் போனில் வேவு ஆப்: காசு கொடுத்து வாங்கலாமா?

1/
"டாக்டர், பையன் போன்ல என்ன பண்றான்னு அவனுக்கே தெரியாம நாம பாக்கலாமாமே. அதுக்கு ஒரு ஆப் இருக்காமே. நம்பி வாங்கலாமா?"

மாத்திரைச் சீட்டை வாங்கி, எழுந்து கதவு வரைக்கும் போய், திரும்பி வந்து கேட்கும் கேள்வி இது. பிள்ளைச்சாவடியில் ஈசிஆர் ஓரம் கிளினிக் வைத்திருக்கும் என்னிடம் இப்போது வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். கடலுக்குப் போகும் அப்பா கேட்கிறார். இன்ஜினியரிங் காலேஜில் வேலை பார்க்கும் அம்மா கேட்கிறார். கணவர் பிரான்சில் இருக்க, இங்கே தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவரும் கேட்கிறார்.

ஒவ்வொருவருக்கும் நின்று சொல்லி முடியல. அதனால்தான் இந்த நீளமான இழை. பொறுமையா படிங்க.

பதிலை முதலிலேயே சொல்லிடறேன். ரகசியமா வேவு பார்க்கிற ஆப் எதையும் வாங்காதீங்க. பிள்ளைக்குத் தெரிஞ்சே வைக்கிற கட்டுப்பாடு வேற விஷயம். அது இலவசமாவே கிடைக்குது. அதையும் கடைசியில் சொல்றேன்.

2/
கேட்பவர்களை நான் குறை சொல்லவில்லை. 2024 மார்ச்சில் முத்தியால்பேட்டை சோலை நகரில் 9 வயதுக் குழந்தைக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு புதுச்சேரியில் பெண் பிள்ளை வைத்திருக்கும் எந்த வீடும் பழையபடி தூங்கவில்லை. அந்தப் பயம் நியாயமானது.

ஆனா அந்தச் சம்பவத்துல கைதானவங்க அதே பகுதி ஆட்கள். போன் வழியா வந்தவங்க இல்ல. பயம் ஒரு பக்கம் இருக்க, நாம மருந்தை வேறு பக்கம் தேடுறோம். பயந்த மனசுக்கு எதையாவது வாங்கிப் போட்டால் கொஞ்சம் நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் இந்த ஆப் கம்பெனிகள் மாதச் சந்தா போட்டு விற்கின்றன.

3/
ஒரு குடும்பத்தின் கதை சொல்றேன். அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அப்பா கடலுக்குப் போகிறவர். விடிகாலை 3 மணிக்கு எழுந்து கிளம்புவார். பதினாறு வயசுப் பொண்ணு. ஒரு நாள் கிளம்பும்போது பார்த்தால் போர்வைக்குள்ளிருந்து போன் வெளிச்சம். மறுநாளும் அதே. பொண்ணுக்குத் தலைவலி, பகலில் தூக்கம், சாப்பாடு இறங்கலை. என்னிடம் கூட்டி வந்தார். ரத்தப் பரிசோதனை செய்தோம், கண்ணும் பார்த்தோம். எல்லாம் சரியாகவே இருந்தது. ராத்திரி போன் வேண்டாம்னு சொல்லி அனுப்பினேன். அன்னைக்கு நான் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கணும். அது என் தவறு.

அவர் வேறு வழி பார்த்தார். போன் ரிப்பேர் கடைப் பையன் ஒருத்தனைப் பிடித்து, ஒரு வருடச் சந்தா கட்டி, பொண்ணு குளிக்கப் போன நேரத்தில் அவள் போனில் ஒரு வேவு ஆப்பைப் போட்டுவிட்டார். "அவ என்ன டைப் பண்ணாலும் உங்க போன்ல வந்துரும் அண்ணே" என்பது வாக்குறுதி.

அடுத்து நடந்ததைப் பின்னால் சொல்றேன். அதுக்கு முன்னாடி டாக்டரா ஒரு கணக்கு.

4/
எந்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுக்கும் முன் ஒரு டாக்டர் மூணு கேள்வி கேட்டுக்கணும்.

ஒண்ணு, இந்த டெஸ்ட் நம்பகமானதா? நோய் இருந்தால் காட்டுமா, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லுமா?

ரெண்டு, ரிசல்ட் வந்தால் அதை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்? எதையும் மாற்றப் போவதில்லை என்றால் அந்த டெஸ்ட் எதுக்கு?

மூணு, டெஸ்ட்டால் வரும் கெடுதல் என்ன?

இந்த மூணு கேள்வியையும் அந்த ஆப்கிட்ட கேட்டுப் பார்ப்போம்.

5/
முதல் கேள்வி, நம்பகம்.

வாட்ஸ்அப் செய்திகள் 2016லிருந்து முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டவை. நடுவில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அப்போ இந்த ஆப் எப்படிப் படிக்குது? போனுக்குள்ளேயே உட்கார்ந்து, திரையையும் நோட்டிஃபிகேஷனையும் படிக்குது. அதுக்கு ஆண்ட்ராய்டில் என்ன செய்யச் சொல்வாங்க தெரியுமா? பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப்பை நிறுவணும். பிளே புரொடெக்ட் பாதுகாப்பை அணைக்கணும். பார்வையற்றோர் போன்றவர்களுக்காக வைத்திருக்கும் 'அக்சஸிபிலிட்டி' அனுமதியை அந்த ஆப்புக்குத் திறந்துவிடணும்.

பிளே ஸ்டோரில் ஏன் கிடைக்கலை? ஒருவருக்குத் தெரியாமல் அவரை வேவு பார்க்கும் ஆப்களை கூகுள் 2020 அக்டோபரிலிருந்து தன் விதிகளில் தடை செய்திருக்கிறது. பெற்றோருக்கான கண்காணிப்பு ஆப் என்றாலும், கண்காணிப்பு நடக்கிறது என்ற அறிவிப்பு அந்தப் போனில் தெரிந்துகொண்டே இருக்கணும். மறைந்திருந்தால் அனுமதி இல்லை.

யோசிச்சுப் பாருங்க. பிள்ளையைக் காப்பாத்தறேன்னு சொல்லி, பிள்ளையின் போனிலிருக்கும் பூட்டையெல்லாம் நாமே கழற்றி வைக்கிறோம்.

ஐபோனில் கதை வேற. பெரும்பாலும் பிள்ளையின் ஆப்பிள் ஐடியும் பாஸ்வேர்டும் வாங்கி, ஐகிளவுட் பேக்கப்பிலிருந்து எடுப்பார்கள். உள்ளே நுழையும்போது சரிபார்ப்பு எண் பிள்ளையின் போனுக்கே போகும். ரகசியம் அங்கேயே முடிஞ்சு போச்சு.

6/
சரி, போட்டாச்சு. ஒழுங்கா வேலை செய்யுமா?

நம்ம ஊரில் பிள்ளைகள் கையில் இருப்பது பெரும்பாலும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள். பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னணியில் ஓடும் ஆப்களை இந்தப் போன்கள் தாமாகவே நிறுத்திவிடும். வேவு ஆப்பும் அதில் அடங்கும். மென்பொருள் அப்டேட் வந்தால் சில அனுமதிகள் போய்விடும். நெட் தீர்ந்தால் எதுவும் வராது. படித்ததும் அழியும் செய்திகள், பாட்டி போன், பக்கத்து வீட்டுத் தோழியின் போன், பள்ளிக்கு ஒளித்து எடுத்துப் போகும் இன்னொரு போன் என எதிலும் இந்த ஆப்புக்கு வேலை இல்லை.

டாக்டர் மொழியில் சொன்னா, இது நோய் இருந்தும் 'நார்மல்'னு ரிப்போர்ட் கொடுக்கிற டெஸ்ட். அதைவிட ஆபத்தான டெஸ்ட் கிடையாது. டெஸ்ட்டே எடுக்காதவன் கவனமாவாவது இருப்பான்.

மறுபக்கமும் உண்டு. "செத்துடலாம் போல இருக்கு" என்று ஒரு பிள்ளை டைப் செய்தால் ஆப் அலறும். அது கணக்குப் பரீட்சையைப் பற்றிய கிண்டலா, உண்மையான வேதனையா என்று அதுக்குத் தெரியாது. அந்த வித்தியாசம் முகத்தைப் பார்த்து, உட்கார்ந்து கேட்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

7/
இப்போ அந்தக் குடும்பத்துக்கு வருவோம்.

முதல் வாரத்திலேயே அலாரம் அடித்தது. "இன்னைக்கு செத்தேன்டி" என்று தோழிக்கு அனுப்பியிருக்கிறாள். ரெக்கார்டு நோட்டு எழுதி முடிக்காததைப் பற்றிய பேச்சு அது. அப்பா பதறிப்போய், விசாரிக்காமல், கத்திவிட்டார். 'இது எப்படி அப்பாவுக்குத் தெரிஞ்சது' என்று அவள் யோசித்தாள். போன் வேற சும்மா இருக்கும்போதே சூடாகுது, சார்ஜ் நிக்கலை. கூடப் படிக்கும் பையன் ஒருத்தன் பத்து நிமிஷத்தில் ஆப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். அழித்தால் அடி விழும் என்று பயந்து அப்படியே விட்டுவிட்டாள்.

அதுக்கு இரண்டு வாரம் கழித்து, இன்ஸ்டாகிராமில் பழகிய ஒரு முகம் தெரியாத ஆள், அவள் படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்பி, பணம் கேட்டு மிரட்ட ஆரம்பித்தான்.

பதினோரு நாள் அவள் யாரிடமும் சொல்லலை. கடைசியில் அத்தை மடியில் அழுது சொன்னாள். அத்தைதான் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

ஏன்மா அப்பாகிட்ட சொல்லலை என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் இன்னும் என்னைத் தூங்க விடலை.

"அப்பாதான் எல்லாத்தையும் பாக்குறாரே சார். இதையும் பாத்திருப்பாரு. பாத்துட்டும் ஒண்ணும் கேக்கலைன்னா, என்மேல அருவருப்பாயிருச்சுன்னு நெனச்சேன்."

அவர் பார்க்கவே இல்லை. அவர் போனை எடுத்துக் காட்டினார். ஆப்பில் கடைசித் தகவல் வந்த தேதி, மிரட்டல் ஆரம்பித்ததற்கு மூன்று நாள் முன்னாடி. அதோட நின்னு போச்சு. செய்தி வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா பார்க்கிறார் என்று மகள் நம்பினாள். ஆப் பார்க்கிறது என்று அப்பா நம்பினார். யாருமே பார்க்கலை.

8/
இரண்டாவது கேள்வி, ரிசல்ட்டை வைத்து என்ன செய்வீங்க?

ஒளிஞ்சு பார்த்துத் தெரிஞ்சுக்கிட்ட விஷயத்தைப் பிள்ளைகிட்ட எப்படிப் பேச்செடுப்பீங்க? "எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு கேக்காதே" என்று ஆரம்பிக்கும் எந்தப் பேச்சும் நல்லபடி முடிஞ்சு நான் பார்த்ததில்லை. வேவு பார்த்தது வெளியே தெரியக்கூடாதுன்னு, கண்டதைக் கேட்காமலே விட்டுவிடும் பெற்றோரும் உண்டு. அப்போ அந்த ரிசல்ட் எதுக்கு?

இதில் ஒரு முக்கியமான ஆய்வு இருக்கிறது. ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்கள் பெற்றோரையும் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. 'பிள்ளை எங்கே போகிறது, யாரோடு பழகுகிறது என்று தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் வம்பில் மாட்டுவது குறைவு' என்பது எல்லோரும் அறிந்தது. இவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். அந்தப் பெற்றோருக்கு அது எப்படித் தெரிந்தது?

கண்காணித்ததால் தெரிந்ததைவிட, பிள்ளைகள் தாமாக வந்து சொன்னதால் தெரிந்ததே அதிகம். பாதுகாப்போடு நெருங்கிய தொடர்பு அதுக்குத்தான் இருந்தது.

அந்த ஆய்வு நடந்தபோது ஸ்மார்ட்போன் கிடையாது. ஆனா பிள்ளை மனசு மாறலை. நம்ம கதையிலும் காப்பாத்தினது என்ன? அத்தை மடி.

9/
மூன்றாவது கேள்வி, பக்கவிளைவு.

வேவு ஆப் சேகரிக்கும் செய்தி, படம், இருப்பிடம் எல்லாம் முன்பின் தெரியாத ஒரு கம்பெனியின் சர்வரில் போய் உட்காருது. அது அங்கே பத்திரமா இருக்கா?

எம்ஸ்பை, இந்தத் துறையில் பெயர் பெற்ற ஆப். 2015ல் அதன் தகவல்கள் கசிந்தன. 2018ல் மறுபடியும். 2024ல் அதன் வாடிக்கையாளர் சேவைப் பதிவுகள் லட்சக்கணக்கில் வெளியே வந்தன.

போலந்தின் லெட்மீஸ்பை 2023 ஜூனில் ஹேக் செய்யப்பட்டு, ஆகஸ்ட்டோடு கடையை மூடியது.

கோகோஸ்பை, ஸ்பைக் என்ற இரண்டு ஆப்களிலும் இருந்த ஓட்டை 2025 பிப்ரவரியில் வெளியானது. வேவு பார்க்கப்பட்டவர்களின் செய்தியும் படமும், வேவு பார்த்தவர்களின் மின்னஞ்சல் முகவரியும் எட்டும்படி கிடந்தன. சில மாதங்களில் அவை காணாமல் போயின.

ஸ்பைஃபோன் என்ற கம்பெனியை இந்தத் தொழிலிலேயே இருக்கக்கூடாது என்று அமெரிக்காவின் வணிக ஆணையம் 2021 செப்டம்பரில் தடுத்தது.

உங்க பொண்ணோட படத்தை ஒரு அந்நியன் கையில் சிக்காம காக்கணும்னுதான் நீங்க ஆப் வாங்குறீங்க. அதே படங்களை வேறொரு அந்நியனின் சர்வருக்கு நீங்களே காசு கட்டி அனுப்பி வைக்கிறீங்க. ஊசி போடுறோம்னு சொல்லி, கழுவாத ஊசியால குத்துற கதை.

10/
பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள்? அமெரிக்காவின் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 37 பாதுகாப்பு ஆப்களுக்குச் சிறுவர்களே எழுதிய 736 மதிப்புரைகளைப் படித்து 2018ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் கொடுத்தது ஒன்றோ இரண்டோ ஸ்டார். பிள்ளைகள் அப்படித்தான் எழுதும் என்று நீங்க சொல்லலாம். ஆனா என் கிளினிக்கில் நான் கேட்டதும் அதே சுருதிதான். கோபம் கட்டுப்பாட்டின் மேல் இல்லை. ஒளிஞ்சு பார்த்ததன் மேல்.

11/
"பிள்ளைக்கு வேண்டாம், சரி. வீட்டுக்காரர் போனில் போடலாமா?" இன்பாக்ஸில் இதுவும் வரும்னு தெரியும். அதே ஆப்களைத்தான் தம்பதிகளுக்கும் விற்கிறார்கள். எனவே சுருக்கமா.

அனுமதி இல்லாமல் அடுத்தவர் போனுக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளில் வரும் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டை ஓர் ஆண் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவில் 'பின்தொடர்தல்' குற்றமாகவும் ஆகலாம்.

2024 அக்டோபர் 30 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த மனைவியின் போன் அழைப்பு விவரங்களை விவாகரத்து வழக்கில் ஆதாரமாக ஏற்க மறுத்தார். ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பதைச் சட்டம் ஊக்குவிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2025 ஜூலை 14ல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், ரகசியமாகப் பதிவு செய்த தம்பதியின் உரையாடலை விவாகரத்து வழக்கில் ஆதாரமாகப் பரிசீலிக்கலாம் என்றது. ஆதாரமா எடுத்துக்கிறது வேற, வேவு ஆப் போடுறது சட்டப்படி சரிங்கிறது வேற. குழப்பிக்காதீங்க. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்த திருமணம் ஏற்கெனவே உடைந்திருப்பதன் அறிகுறி அது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. காய்ச்சலை விட்டுட்டுத் தெர்மாமீட்டரோட சண்டை போட வேண்டாம்.

12/
சரி டாக்டர், என்னதான் செய்யறது?

சின்னப் பிள்ளைக்குக் கட்டுப்பாடு தேவை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அது பிள்ளைக்குத் தெரிஞ்சு இருக்கணும், வயசு ஏற ஏறத் தளரணும்.

ஆண்ட்ராய்டில் கூகுள் ஃபேமிலி லிங்க் இலவசம். எந்த ஆப் போடலாம், எத்தனை மணி நேரம், ராத்திரி எப்போ பூட்டணும் எல்லாம் வைக்கலாம். பிள்ளையின் அரட்டையைப் படிக்காது. படிக்க வேண்டியதும் இல்லை. ஐபோனில் 'ஸ்க்ரீன் டைம்' 2018லிருந்து உள்ளேயே இருக்கு. இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான 'டீன் அக்கவுண்ட்' 2025ல் இந்தியாவுக்கும் வந்தது. கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், முகம் தெரியாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது. ஆனா பிள்ளை உண்மையான பிறந்த வருடத்தைப் போட்டிருந்தால்தான் இது வேலை செய்யும். பக்கத்தில் உட்கார்ந்து சரிபாருங்க.

எல்லாத்தையும்விட வேலை செய்யும் ஒரு விதி: ராத்திரி 10 மணிக்கு மேல் வீட்டிலுள்ள எல்லா போனும் கூடத்தில் சார்ஜில். அப்பா போன், அம்மா போன் உட்பட. இதுக்குச் சந்தா கிடையாது.

இன்னொண்ணு, பிள்ளைகிட்ட ஒரு வாக்கு கொடுங்க. "என்ன தப்பு நடந்தாலும், உன் தப்பாவே இருந்தாலும், நீ வந்து சொன்னா முதல்ல அடிக்க மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன். முதல்ல உன்னைக் காப்பாத்துவேன்." சொன்னதுபோல நடந்துக்கோங்க. ஒரு தடவை மீறினாலும் பிறகு எந்தச் செய்தியும் உங்ககிட்ட வராது.

13/
மிரட்டல் வந்தால் என்ன செய்யணும்? சேமிச்சு வச்சுக்கோங்க.

பணம் கொடுக்காதீங்க. ஒரு தடவை கொடுத்தால் மறுபடி கேட்பான். அரட்டையை அழிக்காதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. பிறகு பிளாக் பண்ணுங்க.

சைபர் குற்றப் புகாருக்கு 1930. ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு 1098. மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416. இது இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியும் எடுப்பார்கள்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை 2023லிருந்து இருக்கு. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அதன் அடையாளக் குறியீடு மட்டும் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

பாதிக்கப்பட்டது சிறுவர் என்றால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் சொல்வது டாக்டரான என் கடமை. அந்தப் பொண்ணு விஷயத்திலும் சொன்னோம். "போலீஸ்னு போனா ஊர் பேசுமே" என்று அப்பா தயங்கினார். குழந்தையின் பெயரும் அடையாளமும் வெளியே வரக்கூடாது என்று அதே சட்டம் சொல்வதை எடுத்துச் சொன்ன பிறகு சம்மதித்தார்.

14/
"அறிவுரை சொல்றது ஈசி டாக்டர். விடிகாலை 3 மணிக்குக் கடலுக்குப் போறவன் எப்படிப் பிள்ளையோட உட்கார்ந்து பேசுவான்?" இதையும் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. நாள் பூரா உழைச்சுட்டு வர்றவங்ககிட்ட நேரம் கேட்பது கஷ்டம்தான். அதனாலதான் ஆப் கம்பெனிக்குக் காசு போகுது.

ஆனா அந்தக் குடும்பம் ஒரு வழி கண்டுபிடிச்சது. கரைக்குத் திரும்பினதும், வலையைப் பார்க்கிற நேரத்தில், அலை அரிக்காம இருக்கக் கொட்டி வச்ச கருங்கல் மேல பொண்ணு வந்து உட்காருவாள். அரை மணி நேரம். எல்லா நாளும் பேசுவதில்லையாம். சில நாள் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து போவாளாம். "பரவால்ல சார், பக்கத்துல இருக்கா" என்றார்.

போன மாசம் சந்தா புதுப்பிக்கச் சொல்லி அவருக்கு மெசேஜ் வந்ததாம். அதை மகளிடமே காட்டி, எப்படி நிறுத்தறதுன்னு கேட்டிருக்கிறார். அவள்தான் நிறுத்திக் கொடுத்தாள்.

பிள்ளை வச்சிருக்கிற யாருக்காவது இந்த இழை உதவும்னு தோணினால் அனுப்பி வையுங்க. ஆனா அதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரி உங்க போனை முதல் ஆளா கூடத்துல சார்ஜ்ல போடுங்க.